சேர்மன் பேசுகிறேன்

ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். பெரிய சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போதும்டா ரேடியோ விட்டுடுடான்னு கெஞ்சுகிற மாதிரி. ஆனால் இப்போது தரமாட்டேன், இப்போது குனிந்து நிற்கிறேன். பேட்ஸ்மேன் மென்றுகொண்டிருக்கிற ஏலக்காய் வாசம் ஹெல்மெட் கம்பிக்குள் வருகிற தூரத்தில் நிற்கிறேன். இந்த இடத்துக்கு ஷார்ட் லெக்ன்னு பேர். எந்த டீமாக இருந்தாலும் கடைசியாக வந்து சேர்ந்தவன்தான் இங்கே நிற்க வேண்டும், எவனும் எழுதிவைக்காத சட்டம், ஏனென்றால் பேட்ஸ்மேன் ஓங்கி அடித்தால் பந்து முதலில் வந்து விசாரிப்பது இங்கே நிற்கிறவனைத்தான். விளையாடுகிற பதினொரு பேரில் நான் இல்லை. காலையில் இங்கே நின்ற அருள்ஜோதிக்கு மணிக்கட்டில் பட்டு வீங்கிப்போனதால் மாற்று ஆள். எனக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடலாம், ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருக்கிறவர் தணிகாசலம், தணிகாண்ணன், எங்கள் மாநில டீமின் விக்கெட் கீப்பர். நானும் கீப்பர்தான். ரெண்டாவது கீப்பர். ரெண்டாவது கீப்பர்னா யார் தெரியுமா, முதல் கீப்பருக்கு ஒரு சின்னக் காய்ச்சலாவது வரட்டும்னு மனசுக்குள் வேண்டிக்கொண்டே அவருக்குத் தண்ணி பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். சிரிப்பு அவரைப் பற்றித்தான். அவருக்கே இன்னும் தெரியாது. கொஞ்சம் பொறுங்கள், சாதிக் பந்து போட வருகிறான்.

"வா சாதிக்கு வா, அங்கயே போடு, மாமா முழிக்கறாரு" என்கிறார் தணிகாண்ணன், மாமான்னா பேட்ஸ்மேன், ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் சாதிக் ஓடியே வருவான், பதிமூணு வருஷமாக இந்த டீமின் எல்லா ஸ்பின்னரும் அந்தக் குரலுக்குத்தான் ஓடி வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குரல் நன்றாகவே வரும். தொண்டையின் அடியிலிருந்து கொஞ்சம் மண் சேர்த்து, கடைசி எழுத்தை இழுத்து, அரக்கோணத்து ஸ்டேஷனில் டீ விற்கிறவன் மாதிரி. பஸ்ஸில் நான் அதைச் செய்தால் கேப்டன் நிரஞ்சன் சீட்டிலிருந்து கீழே சரிவார். எல்லார் குரலும் எனக்கு வரும். சேலத்தில் எங்கள் அப்பாவுக்கு மைக் செட் கடை, நடக்கப் பழகுவதற்கு முன்னால் நான் மைக்கைப் பிடித்தவன், கல்யாண வீட்டில் பந்தி அறிவிக்கிற குரல், கட்சிக் கூட்டத்தில் தொண்டை கட்டின குரல், காணாமல் போன குழந்தையின் பேர் சொல்லி அழைக்கிற குரல், எல்லாம் எனக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து வருவார்கள். அதனால்தான் ரேடியோ. மதியரசுன்னு ஒரு பேர் இருப்பது டிரெஸ்ஸிங் ரூமில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். பந்து பட்டென்று பேட்ஸ்மேனின் பேடில் பட்டு உருள்கிறது, தணிகாண்ணன் பூனை மாதிரி முன்னால் விழுந்து எடுக்கிறார், எழும்போது முட்டி டக்கென்று சொடுக்குகிறது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குள் ஒருத்தன் கை தட்டுகிறான். கேவலம்தான். கை தட்டட்டும், நான் என்ன செய்ய முடியும்.

ஆனால் இன்றைக்கு அந்த முட்டி சொடுக்குகிறதே தவிர அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. நேற்று சாயங்காலம் கிழவர் மாதிரி பேடைக் கழற்றி, ஐஸ் பையை முட்டியில் கட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த மனுஷன், இன்றைக்குக் காலையிலிருந்து லெக் பக்கம் போன பந்துக்கெல்லாம் பறக்கிறார். லஞ்சுக்கு முன்னால் ஒரு ஸ்டம்பிங். சாதிக் போட்ட பந்து காலுக்கு வெளியே போகிறது, பேட்ஸ்மேனின் பின்பக்கம் மறைக்கிறது, பந்து கண்ணில் படவே படாது, வெறும் காதை வைத்துக்கொண்டு பிடித்து, பேட்ஸ்மேன் கால் தூக்கின அந்த மூச்சு நேரத்துக்குள் பெயில்ஸைத் தட்டிவிட்டார். எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன், அவருடைய வியர்வையில் தைல வாசம், பழைய கிளவுஸின் ஈரத் தோல் வாசம், என் தலையில் அந்தக் கிளவுஸால் ஒரு தட்டு தட்டி "பாத்தியாடா ரேடியோ" என்றார். பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தக் கிளவுஸின் நடுவிரல் பக்கம் தையல் பிரிந்து வேறு நிற நூலில் தைத்திருக்கிறது, அதைக்கூடப் பார்த்தேன், அதன்மேலும் பொறாமைதான், என் கிளவுஸ் புதுசு, பளபளன்னு இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது. அவருடைய வலது சுண்டுவிரல் எத்தனையோ தடவை உடைந்து வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கும், சாப்பிடும்போது தனியாக எங்கேயோ வழி காட்டும். ராத்திரி படுக்கையில் என் சுண்டுவிரலை அந்தப் பக்கம் வளைத்துப் பார்த்திருக்கிறேன். வலிக்கிறது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

சரி, சிரிப்பு. காலையில் நாங்கள் தங்கியிருக்கிற ஓட்டலில், லிஃப்டுக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால், ரூமுக்கு ரூம் பேசுகிற ஃபோன் ஒன்று இருக்கிறது. எல்லாரும் டிஃபனுக்கு இறங்குவதற்கு முன்னால் போய் நின்றேன். முதலில் ரிசப்ஷன் பெண். கோயமுத்தூர்ப் பெண், தேன் தடவின குரல், "வணக்கங்க சார், ரிசப்ஷன்ல இருந்து பேசறேனுங்க, உங்களுக்கு வெளியில இருந்து ஒரு கால் வந்திருக்குதுங்க, மொபைல்ல லைன் கெடைக்கலயாமா, குடுக்கட்டுங்களா." அவர் தூக்கக் கலக்கத்தில் குடும்மா என்றார். ஃபோனில் நகத்தால் கிர் கிர்னு சுரண்டினேன். அப்புறம் சேர்மன். சேர்மன்னா எங்கள் மாநிலத்து ஆள் இல்லை, அதற்கும் மேலே. மாநிலங்களுக்கு மேலே தென்மண்டலம்னு ஒரு டீம் உண்டு, தெற்கே இருக்கிற எல்லா மாநிலத்திலிருந்தும் பொறுக்கியெடுத்தது, அதற்கு ஆள் எடுக்கிற குழுவின் தலைவர் சுந்தரவதனன். ஒரு பரிசளிப்பு விழாவில் அவர் பேசி முடிக்கும்வரை மாலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அது போதும் எனக்கு. மூக்கால் பேசுவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "ஸீ". முடிவில் சளியா சிரிப்பான்னு தெரியாத ஒரு ம்ஹ்ம். "ஸீ, தணிகாசலம், சுந்தரவதனன் பேசறேன். ஸீ, உன் பேரு லிஸ்ட்ல இருக்கு. ஃபர்ஸ்ட் கீப்பர். ம்ஹ்ம்." லைன் போய்விட்டதோன்னு நினைத்தேன். நான் இன்னொரு கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன், பல் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது, கிளவுஸ் போடாமல்தானே நிற்கிறேன், பார்க்கலாம். அப்புறம் மெதுவாக, "சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். "சார், எனக்கு முப்பத்திநாலு ஆவுது சார்" என்றார். யாராவது சேர்மனிடம் போய் வயசைச் சொல்வார்களா, மறைக்க வேண்டியதைத்தான் முதலில் சொல்கிறார். "ஸீ, வயசா கீப் பண்ணுது. நாங்க பாத்துட்டுதான் இருக்கோம்பா. இத்தனை வருஷமும் பாத்துட்டுதான் இருந்தோம்." அது எங்கிருந்து வந்ததுன்னு எனக்கே தெரியாது, திட்டத்தில் இல்லாத வரி, தானாக வாயில் வந்தது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரவில்லை. சாயங்காலம் லிஸ்ட் வெளியாகும், அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லி வைத்துவிட்டேன். கிரவுண்டுக்குள் நுழைந்ததும் எல்லார் ஃபோனையும் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், சூதாட்டக்காரர்களுக்குப் பயந்து அப்படியொரு வழக்கம், ஆட்டம் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும், ஆகவே அவர் யாரையும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. எவ்வளவு கச்சிதம் பாருங்கள். டீ இடைவேளையில், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, கதவுக்கு வெளியே நின்று "ஸீ, தணிகாசலம்"னு ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் முகம், அப்புறம் எல்லார் முகம். இதுதான் சிரிப்பு.

டீ இடைவேளை வந்தது, போயும்விட்டது, நான் கொடுக்கவில்லை. கதவுக்கு வெளியே போய் நிற்கக்கூடச் செய்தேன். ஸீ என்கிற எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கதவு இடுக்கில் பார்த்தால் தணிகாண்ணன் மூலை பெஞ்சில் உட்கார்ந்து விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறார், உதட்டை மடித்து உள்ளே வைத்திருக்கிறார், வாய்க்குள் வெல்லக்கட்டியை ஒளித்து வைத்திருக்கிற பையன் மாதிரி. எதிரே கோச் ஜெயசீலன் சார். ரெண்டு மூன்று தடவை தலையைத் தூக்கிக் கோச்சைப் பார்த்தார், என்னமோ சொல்லப் போகிற மாதிரி, சொல்லவில்லை, மறுபடி டேப். பரிதாபப்பட்டுத்தான் விட்டேன்னு நினைத்துவிடாதீர்கள். பரிதாபமெல்லாம் இல்லை. பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்தச் சந்தோஷம் என்னுடையது. நான் தூணுக்குப் பின்னால் நின்று என் வாயால் செய்தது. அதை அவர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அளவெடுத்துத் தைத்தது மாதிரிப் பொருந்துகிறது. பொய்யிலேகூட அவருக்குத்தான் கிடைக்கிறது. எனக்கு யார் அப்படியொரு ஃபோன் செய்வார்கள், பொய்யாகக்கூட. எனக்குத் தெரிந்து இந்த டீமில் அந்த மாதிரி குரல் மாற்றிப் பேசத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், எனக்கு நானே ஃபோன் செய்துகொள்ள முடியுமா. செய்து பார்த்திருக்கிறேன். ரூமில் தனியாக இருக்கும்போது, ரிசீவரை எடுக்காமல், "ஸீ, மதியரசு." மேலே போக முடியவில்லை. சேர்மனுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"குனிஞ்சு நில்லுடா ரேடியோ, குச்சி மாதிரி நிக்காத" என்கிறார் கேப்டன் நிரஞ்சன் ஸ்லிப்பிலிருந்து. குனிகிறேன். வெயில் சாய்ந்துவிட்டது, மேற்கே மலை நீலமாகி, கிரவுண்டை ஒட்டின காலேஜ் கட்டடத்தின் நிழல் பவுண்டரி கயிற்றைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது, அந்த நிழல் பிட்ச் ஓரத்துக்கு வந்துவிட்டால் இன்றைய ஆட்டம் முடிந்துவிடும், ஃபோன் பை திறக்கும், லிஸ்ட் வரும், அதில் அவர் பேர் இருக்காது. அதற்கு முன்னால் நான் சிரிக்க வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் அது சிரிப்பாக இருக்காது, வேறு என்னமோ ஆகிவிடும், அதற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. இப்பவே சொல்லிவிடலாமா. இந்த ஓவர் முடிந்ததும். அடுத்த ஓவர் முடிந்ததும். அவர் பெங்களூர் கதை ஒன்று சொல்வார், பஸ்ஸில், எல்லாரும் கேட்கும்போது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் தென்மண்டல டீமின் கீப்பருக்குத் திடீரென்று வாந்தி பேதி, உடனே கிளம்பி வான்னு இவருக்குத் தகவல், ராவோடு ராவாக பெங்களூர் போய்ச் சேர்ந்தார், காலையில் அந்தக் கீப்பர் நன்றாக எழுந்து உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "பையத் தொறக்கவே இல்லடா. ஜிப்பக்கூடத் தொடல. அப்படியே அடுத்த டிரெயின்ல அரக்கோணம். வீட்டுக்காரி கேக்கறா, துவைக்கிற துணி எங்கன்னு." எல்லாரும் சிரிப்பார்கள், அவர்தான் முதலில் சிரிப்பார். நான் அந்தக் கதையை அவர் குரலிலேயே திருப்பிச் சொல்வேன், அவர் சொன்னதைவிட என்னுடையதுக்குச் சிரிப்பு அதிகம். பையத் தொறக்கவே இல்லடா. இன்றைக்குக் காலை டிஃபனில் அவர் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். "சாப்புடுடா, எலும்பா இருக்க." நான் சாப்பிட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது, வடை மொறுமொறுன்னு நன்றாகத்தான் இருந்தது, இப்போது என்னமோ நெஞ்சில் நிற்கிற மாதிரி.

எனக்கு என்ன வேண்டும்னு ஒருத்தரும் கேட்டதில்லை. ஆகையால் நானே போய்ச் சொன்னேன், போன வாரம், நெட் பயிற்சி முடிந்து. அடுத்த மேட்ச் சேலத்தில். எங்கள் ஊரில் ரஞ்சி ஆட்டம். அப்பா மைக் செட்டைத் துடைத்து வைத்திருக்கிறார், கிரவுண்டுக்கு வெளியே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி "நமது சேலத்துச் சிங்கம்"னு சொல்லிப் பார்க்க வேண்டுமாம், போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டுமாம், தினம் ராத்திரி ஒரே கேள்வி, நீ நிப்பியா தம்பி, நீ நிப்பியா. கோச் ஜெயசீலன் சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கிட்டப்போய், "சார், சேலம் மேட்ச்ல எனக்கொரு சான்ஸ் கிடைக்குமா சார்" என்றேன். அவர் ஒரு நொடி பார்த்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "டேய், யார் குரல்டா இது, புதுசா இருக்கே." நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. அது என் குரல்தான் சார்னு சொன்னால் இன்னும் சிரித்திருப்பார். என்னை டீமோடு கூட்டிக்கொண்டு போவது கீப்பிங்குக்காகவா, நீண்ட பஸ் பயணத்துக்காகவான்னு அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். தணிகாண்ணன் பேசினால் ஒருத்தனும் சிரிப்பதில்லை, அவர் ஜோக் சொன்னால்தான் சிரிப்பார்கள், மற்ற நேரம் கேட்பார்கள். சாதிக் ஓடி வருவான். கேப்டன் ஃபீல்டரை மாற்றுவார். அம்பயர்கூட அவர் அப்பீல் செய்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்தக் குரலுக்கு அப்படி என்ன இருக்கிறது, அதே குரல் எனக்கும் வருகிறதே, ஒரு இம்மி வித்தியாசம் இல்லாமல் வருகிறதே.

"வா சாதிக்கு, மாமாக்கு கை அரிக்குது, ஆசையா ஒண்ணு குடு" என்கிறார் பின்னாலிருந்து, சாதிக் சிரித்துக்கொண்டே ஓடி வருகிறான், பந்து மேலே தூக்கி மெதுவாக வருகிறது, பேட்ஸ்மேன் முட்டி போட்டு உட்காருவது தெரிகிறது, ஸ்வீப், திரும்பு, உடம்பைச் சுருட்டுன்னு எனக்குள் யாரோ கத்துகிறார்கள், யார் குரல் என்று பார்க்க நேரமில்லை, தோளுக்குக் கீழே விலாவில் ஒரு இடி. சத்தமில்லாத இடி. மூச்சு எங்கேயோ போய்விட்டது, திரும்பி வருகிற வழி தெரியாமல் வெளியே நிற்கிறது. புல் வாசம். எறும்பு ஒன்று கம்பிக்கு அந்தப் பக்கம் புல் நுனியில் ஏறிக்கொண்டிருக்கிறது. செத்துப்போனால் அந்த ஃபோனைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாமலே போய்விடும்னு தோன்றுகிறது, அதில் ஒரு நிம்மதி, அப்புறம் லிஸ்ட் வரும்போது இவர் என்ன ஆவார்னு தோன்றுகிறது. பிசியோ ஓடி வருகிறார், அமுக்குகிறார், கண்ணுக்கு நேரே விரலை ஆட்டுகிறார், பேர் கேட்கிறார், "மதியரசு" என்கிறேன், "அட, நெசப் பேரச் சொல்றான், அடி பலந்தான்" என்று யாரோ சொல்லிச் சிரிக்கிறார்கள். பேட்ஸ்மேன்கூட மட்டையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிவிட்டு மன்னிப்பு மாதிரி ஹிந்தியில் என்னமோ சொல்கிறான். பரவாயில்லை, எலும்பு தப்பித்தது, நிற்கிறேன்னு சொல்லிவிட்டேன். பிசியோ மெதுவாகத் திரும்பி நடக்கிறார், அவர் கயிற்றைத் தாண்டும்வரை ஆட்டம் நிற்கும். தணிகாண்ணன் எனக்குப் பக்கத்தில் வந்து ஒரு முட்டி போட்டு உட்கார்ந்தார். டக். கிளவுஸைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு வெறும் கையால் என் விலாவைத் தடவிப் பார்த்தார். அந்த வளைந்த சுண்டுவிரல் தனியாகத் தட்டுப்பட்டது.

"அடி பட்டாத்தான்டா நீ கம்முனு இருக்க" என்றார். "மூச்ச இழுத்து வுடு. ஆங். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா, யாராண்டயும் சொல்லாத. சாயங்காலம் எப்பிடியும் தெரிஞ்சிரும். சொல்லாம இருந்து இருந்து வயிறு உப்பிப்போச்சு எனக்கு." சொல்லட்டும். சொன்னதும் நான் சொல்லிவிடலாம், இதுதான் நேரம், அடிபட்டவனை ஒருத்தரும் அடிக்கமாட்டார்கள். "நேத்து ராத்திரி வீட்டாண்ட பேசி முடிவே பண்ணிட்டேன்டா. இந்த மேட்சோட போதும்னு. முட்டி ஒத்துக்கல. இன்னிக்கு டீ டைம்ல கோச்சாண்ட சொல்லலாம்னு இருந்தேன். சார், நான் ஒதுங்கிக்கறேன், சேலத்துல ரேடியோ நிக்கட்டும் சார், அவன் ஊரு, அவங்கப்பா மைக் செட்டெல்லாம் ரெடியா வச்சிருக்காராம்னு. மனசுல சொல்லிச் சொல்லி ஒத்திகையே பாத்து வச்சிருந்தேன்." பேச்சை நிறுத்திப் பிட்ச்சைப் பார்த்தார். உதடு உள்ளே மடிந்திருந்தது, வெல்லக்கட்டி. "காலைல ஒரு ஃபோன் வந்துச்சுடா. சேர்மனே பேசுனாரு. தென்மண்டலம். இந்த முட்டிய வச்சிக்கினு இன்னும் ரெண்டு சீசன் ஓட்டிருவேன் பாரு. நீ சின்னப் பையன், உனக்கு நேரம் கெடக்கு. கோச்சுக்காதடா. இன்னும் கொஞ்ச நாள் தண்ணி தூக்கு."

இதுதான் அந்தச் சிரிப்பு. இப்போது சிரித்துக்கொள்ளுங்கள். தூணுக்குப் பின்னால் கையைக் கடித்துக்கொண்டு நின்றவன் ஊற்றின தண்ணியெல்லாம் அவன் தலையிலேயே விழுந்திருக்கிறது, நாள் முழுக்க நனைந்துகொண்டு நின்றிருக்கிறான், இப்போதுதான் குளிர்கிறது. டீ இடைவேளையில் கதவு இடுக்கில் நான் பார்த்தது என்ன, கோச்சைப் பார்த்துப் பார்த்துத் தலை குனிந்தது என்ன, அங்கே அந்த பெஞ்சில் சேலம் உட்கார்ந்திருந்தது, அப்பாவின் வண்டி நின்றிருந்தது, அவர் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் இறங்கி என்னிடம் நடந்து வந்திருக்கும். நான் அந்த வாயை மூடிவிட்டு வந்து, அது மூடியிருக்கிற அழகைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே அந்த ஸீயைக் கொடுத்திருந்தால்கூட. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதே. இப்போது சொன்னால் என்ன ஆகும். அண்ணே, அது நான்தான்னு ஒரு வாக்கியம். சொன்னால் அவர் ஒதுங்கிவிடுவார், சேலம் எனக்கு வருமா, இப்படிச் செய்தவனை எந்த டீம் பஸ்ஸில் ஏற்றும். சொல்லாவிட்டால் அவர் ரெண்டு சீசன் ஆடுவார். இல்லை, அதுவும் இல்லை, சாயங்காலம் லிஸ்ட் வரும், அவர் அங்கே அவர் பேரைத் தேடுவார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பையத் தொறக்கவே இல்லடா. கேட்கிறவர்கள் இல்லாமல், முதலில் சிரிக்கிறவரும் இல்லாமல். நிழல் கிட்ட வந்துவிட்டது. எனக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஒருத்தனாவது எழுந்து இதைச் சொல்லட்டும்னு. பந்தி அறிவிக்கிறவன் தலையைக் குனிந்துகொள்கிறான். கட்சிக்காரன் செருப்பைத் தேடுகிறான்.

"இன்னாடா, மூஞ்சி தொங்கிப்போச்சு" என்றார் தணிகாண்ணன், கிளவுஸுக்குள் கையை நுழைத்துக்கொண்டே. "சரி வுடு. ஒண்ணு பண்ணு. அந்த சேர்மன் குரல் உனக்கு வருமா? மூக்குலயே பேசுவாரே. ஸீ, ஸீன்னுட்டு. ஒரே ஒரு வாட்டி பண்ணேன். காலைல கேட்டதுலேர்ந்து திரும்பத் திரும்பக் கேக்கணும் போல இருக்குடா."

குரல் கேட்டு நான் இதுவரைக்கும் இல்லைன்னு சொன்னதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடப் போர்வைக்குள்ளிருந்து செய்து காட்டினவன். வாயைத் திறந்தேன். ஸீ வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. "அது வராதுண்ணே" என்றேன்.

"உனக்கா?"

"ஆமாண்ணே. அது மட்டும் வராது."

அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே இருக்க, கண் மட்டும் என் வாய்க்கு வந்தது. அப்புறம் கீழே இறங்கி என் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே வரிசையாகச் சிவந்திருக்கிற பல் தடத்தில் நின்றது. பிசியோ கயிற்றைத் தாண்டிவிட்டார். அம்பயர் கையை இறக்கினார். தணிகாண்ணன் எழுந்தார், முட்டி சொடுக்கியது, இந்தத் தடவை முகம் சுளித்தது. ஸ்டம்புக்குப் பின்னால் போய்க் குந்தினார். என் பக்கம் திரும்பாமல், ரொம்ப மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரிசப்ஷன் பொண்ணு கொரல் வருமாடா?" என்றார்.

சாதிக் பந்தை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்கிறான், ஓடி வரவில்லை, வார்த்தைக்குக் காத்திருக்கிறான். "தணிகா, கொரல் குடு" என்கிறார் நிரஞ்சன் ஸ்லிப்பிலிருந்து. நான் குனிந்திருக்கிறேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை.